சித்தப்பா வீட்டு ஓடையில் ஒரு கிலோவாட்

சிக்கமகளூரு மலையில் மழை பிடித்தால் மரம் சாய்ந்து லைன் அறுந்துவிடும். சித்தப்பா வீட்டுக்குக் கரண்ட் திரும்பி வர நாள்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் சோலாரை நம்ப முடியாது. ஆனால் வீட்டுக்கு மேலே ஓடை கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் கரண்ட் எடுத்தோம். செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் வேலை தண்ணீரை அளப்பது, அதுவும் ஏப்ரலில். மழையில் எந்த ஓடையும் பெரிதாகத்தான் தெரியும். 200 லிட்டர் டிரம் 40 வினாடியில் நிரம்பியது, அதாவது வினாடிக்கு 5 லிட்டர். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபைப் பிடித்துக்கொண்டு சரிவில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அளந்ததில் உயரம் 40 மீட்டர். இரண்டையும் பெருக்கி, அதை 9.81ஆல் பெருக்கினால் 1,960 வாட் சொச்சம். குழாய், சக்கரம், ஜெனரேட்டர் மூன்றும் தின்றது போக பாதி கிடைத்தாலும் ஒரு கிலோவாட். லைட், டிவி, மிக்சிக்குத் தாராளம்.

அப்புறம், தண்ணீர் பாய்ந்து சுற்றும் சக்கரத்தைச் செய்யப் பெங்களூரு. பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கோலார் தங்கவயல்காரர். "1902லேயே சிவனசமுத்திரம் அருவித் தண்ணியிலதான் எங்க ஊருக்குக் கரண்ட் வந்துச்சு தம்பி, செஞ்சிடலாம்" என்றார். நாங்கள் செய்தது பெல்டன் சக்கரம், அதாவது விளிம்பைச் சுற்றிக் கிண்ணங்கள் வைத்த சக்கரம். அதில் ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் கூரான ஒரு மேடு உண்டு. பாய்ந்து வரும் தண்ணீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து திரும்ப வேண்டும். மேடு மழுங்கினால் சக்தி வீண். அண்ணன் விரலால் தடவித் தடவிப் பார்த்து அரம் போட்டார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

லோடு கன்ட்ரோலரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ராத்திரி லைட்டை எல்லாம் அணைத்ததும் சக்கரம் வேகமெடுத்து வோல்டேஜ் ஏறிவிடும். அப்போது மிஞ்சுகிற கரண்டை இந்தக் கன்ட்ரோலர்தான் ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும். சித்தி வீட்டில் காலையில் குளிக்க வெந்நீர் அப்படித்தான் வருகிறது.

கீழ்த்தோட்டத்துக்காரருக்குத் தண்ணீர் குறைந்துவிடுமோ என்று பயம். நியாயமான பயம்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு அத்தனை தண்ணீரும் அவர் வேலிக்கு மேலேயே ஓடையில் சேர்வதை நேரில் காட்டினோம். சரி என்றார்.

மழைக்காலத்தில், மேலே ஓடைத் தண்ணீர் குழாய்க்குள் நுழையும் இடத்து வலையில் சேரும் இலையைத் தினமும் அள்ள வேண்டும். வால்வை மெதுவாக மூடுங்கள். பட்டென்று மூடினால் தண்ணீர் முட்டிக் குழாய் இணைப்பு பிளந்துவிடும்.