கேட்கான் போச்சுன்னு சொன்னா உடனே மாத்திடாதீங்க

பழைய பெட்ரோல் கார் வச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு நாள் இது வரும். செக் இன்ஜின் லைட் எரியும், ஸ்கேனர் மாட்டிப் பாத்தா பி0420னு ஒரு கோட் காட்டும், மெக்கானிக் உடனே "சார் கேட்கான் போச்சு, மாத்தணும்"பாரு. கேட்கான்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இன்ஜின் புகைல இருக்கற விஷத்த கம்மி பண்ண எக்ஸாஸ்ட் பைப்புல வச்சிருக்கற டப்பா. ஒரிஜினல் விலைய கேட்டா தலை சுத்தும், ஏன்னா உள்ள இருக்கற செராமிக் தேன்கூட்டு மேல பூசியிருக்கறது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்.

முதல்ல ஒண்ணு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ரெண்டு விதமா போகும், ரெண்டுக்கும் அறிகுறி வேற வேற. பாதி பேர் இத ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க.

ஒண்ணு அடைச்சுக்கறது. புகை வெளிய போக வழி இல்லாம இன்ஜின் மூச்சு முட்டும். சிட்டிக்குள்ள மெதுவா ஓட்டும்போது பெருசா தெரியாது, ஹைவேல லாரிய ஓவர்டேக் பண்ண மிதிச்சா ஆர்பிஎம் ஏறவே ஏறாது, ஏற்காடு கொல்லிமலை மாதிரி ஏத்தத்துல செகண்ட் கியர்லயே திணறும், சூடு ஏற ஏற இன்னும் மோசமாகும், மைலேஜும் அடி வாங்கும். ரொம்ப அடைச்சுட்டா ஸ்டார்ட் ஆகி உடனே ஆஃப் ஆயிடும். சைலன்சர் பின்னாடி கை வச்சு காத்து கம்மியா வருதுன்னு சொல்றதெல்லாம் ஒரு குத்துமதிப்புதான். சரியா பாக்கணும்னா கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ஆக்சிஜன் சென்சர் இருக்கும், அதுல முன்பக்க சென்சர கழட்டிட்டு அந்த ஓட்டைல பிரஷர் கேஜ் மாட்டணும். ஐடில்ல அழுத்தம் ஒண்ணு ஒண்ணரை பிஎஸ்ஐக்குள்ள இருக்கணும், 2500 ஆர்பிஎம்ல மூணு தாண்டினா அடைப்புன்னு சந்தேகப்படலாம்.

இன்னொண்ணு பூச்சு செத்துப் போறது. இதுல வண்டி ஜம்முனு ஓடும், பிக்கப்ல ஒரு குறையும் இருக்காது, லைட் மட்டும் எரியும், இல்லன்னா பொல்யூஷன் டெஸ்ட்ல கார்பன் மோனாக்சைடு ஏறி ஃபெயில் ஆகும். இதுக்கு ஸ்கேனர்ல லைவ் டேட்டா பாக்க சொல்லுங்க. முன்பக்க சென்சர் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கி ஆடிட்டே இருக்கும், பின்பக்க சென்சர் ஆடாம நிக்கணும். பின்னாடி இருக்கறதும் முன்னாடி மாதிரியே ஆடுச்சுன்னா கன்வெர்ட்டர் வேலை செய்யல. ஆனா சென்சர் பக்கத்துல எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும் இதே கோட் வரும், அதனால அத பாக்காம யாரும் மாத்த சொன்னா நம்பாதீங்க.

அப்புறம் இந்த கடகட சத்தம். உள்ள தேன்கூடு உடைஞ்சு உருண்டாலும் வரும், சூடு வெளிய அடிக்காம இருக்க மேல மாட்டியிருக்கற ஹீட் ஷீல்டு தகடு லூஸ் ஆனாலும் வரும். ஷீல்டா இருந்தா ஒரு கிளாம்ப் போட்டா முடிஞ்சுது. அழுகின முட்டை நாத்தம் வந்தாலும் கேட்கான் போச்சுன்னுதான் சொல்லுவாங்க, பெட்ரோல் அதிகமா எரியும்போது அதுல இருக்கற கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடா மாறி வர்ற நாத்தம் அது. ஆனா 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததுலேர்ந்து பெட்ரோல்ல கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 10 பங்கு), முன்ன பிஎஸ்4ல 50 இருந்துச்சு, அதனால இப்ப அந்த நாத்தம் வந்தா பேட்டரிய ஒரு தடவ பாருங்க, ஓவர்சார்ஜ் ஆகற பேட்டரியும் இதே மாதிரிதான் நாறும்.

இப்ப முக்கியமான விஷயம். கேட்கான் தானா சாகறது கம்மி, பெரும்பாலும் வேற எதோ அத கொல்லுது. பிளக்கோ காயிலோ போய் மிஸ்ஸிங் அடிச்சா, அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா பத்தாம போனா, எரியாத பெட்ரோல் நேரா அங்க போய் எரியும், அந்த சூட்டுல செராமிக்கே உருகிடும். செக் இன்ஜின் லைட் சும்மா எரியாம விட்டு விட்டு மின்னுதுன்னா இந்த மிஸ்ஸிங் நடக்குதுன்னு அர்த்தம், அதோட ஓட்டாதீங்க. இன்ஜின் ஆயில் குடிக்குதுன்னா ஆயில்ல இருக்கற பாஸ்பரஸ் பூச்சு மேல படிஞ்சு மூடிடும். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடில இருக்கற சீல்) போய் கூலன்ட் உள்ள இறங்கினாலும் அதே கதிதான்.

ஃப்ரெண்ட் ஒருத்தன் வண்டில புதுசா மாத்தி கொஞ்ச மாசத்துலயே அதே கோட் திரும்ப வந்துச்சு. சர்வீஸுக்கு நடுவுல ஆயில் டாப்அப் பண்ணிட்டே இருந்திருக்கான், கராஜ்ல ஒருத்தரும் அத கேக்கல. ஆயில் குடிக்க காரணமான பிஸ்டன் ரிங் வேலைய முதல்ல முடிச்சிருந்தா அந்த காசு மிச்சம்.

சில இடத்துல "உள்ள இருக்கறத குத்தி எடுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டிடலாம் சார், வண்டி பறக்கும்"னு சொல்லுவாங்க. அடைப்பு போனதால பிக்கப் வரத்தான் செய்யும், ஆனா லைட் அணையாது, எமிஷன் டெஸ்ட்ல மாட்டுவீங்க, பின்னாடி வர்ற பைக்காரன் மூஞ்சில அத்தனை விஷமும் போகும். அந்த குத்தி எடுத்த தூளுக்கு ஸ்கிராப்ல நல்ல விலை இருக்கு, அதனால இந்த யோசனைய யாருக்காக சொல்றாங்கன்னும் பாத்துக்கோங்க. நேர்மையா மாத்தினாலும் பழச கேட்டு வாங்குங்க, இல்லன்னா பில்லுல அதோட மதிப்ப கழிக்க சொல்லுங்க.