கண்சிமிட்டிய இன்ஜின் விளக்கும் பி 0302 குறியீடும்

எங்கள் காரின் டாஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு முதன்முறை எரிந்தபோது, பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டினோம். அங்கே ஸ்கேனரைச் செருகி, பதிவாகியிருந்த எரர் கோடை அழித்து, விளக்கு அணைந்ததைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். என்ன குறியீடு வந்தது என்று கேட்டதற்கு, "சென்சார் ஏதோ காட்டியிருக்கு சார், அழிச்சாச்சு, இனிமே வராது" என்பதே பதில். ஊருக்குள் ஓட்டிய வரையில் அது வரவும் இல்லை. ஆனால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது, அந்தப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டுவதற்கு முன் அதே விளக்கு திரும்பவும் வந்தது. இம்முறை நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னியது, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வண்டி குலுங்கியது.

பொதுவாக, சிவப்பு விளக்கு என்றால் உடனே நிறுத்த வேண்டும், மஞ்சள் என்றால் விரைவில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே டாஷ்போர்டின் ஒழுங்கு. எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள்; அதற்குப் பிறகு இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உட்பாகங்களைத் தேய்த்துக் கெடுக்கும். மஞ்சளாகவே இருந்தாலும் இன்ஜின் விளக்குக்கு இரண்டு நிலைகள் உண்டு. நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிச் சென்று காட்டலாம்; மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலேயே வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் கூட்டை உருக்கும் அளவுக்குச் சூடேற்றக்கூடும். பல வண்டிகளில் இந்தப் பழுதுக்கான செலவைவிடக் கன்வர்ட்டரை மாற்றும் செலவு பல மடங்கு அதிகம் என்பதால், மேலே ஏறும் எண்ணத்தைக் கைவிட்டு, அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, வண்டியைத் திருப்பினோம். இறக்கத்தில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே பெரும்பாலும் நின்றுவிடும் என்பதால் கீழே வருவதில் சிக்கல் இருக்கவில்லை.

இந்த முறை எதையும் அழிப்பதற்கு முன் நானே படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாரத் ஸ்டேஜ் 4 எனப்படும் வாகனப் புகை விதிகளின்படி 2013 ஏப்ரல் முதல் ஓபிடி 2 என்னும் தற்பரிசோதனை அமைப்பு கார்களில் கட்டாயமாக்கப்பட்டது. ஸ்டியரிங்கின் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே இருக்கும் 16 முனைச் செருகி அதற்கானதுதான். அதில் பொருந்தும் சிறிய புளூடூத் ஸ்கேனரும் கைபேசிச் செயலியும் போதும். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இணைத்தபோது திரையில் பி 0302 என்று வந்தது. முதல் எழுத்து இன்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். 0 என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 3 பற்றவைப்புக் கோளாறு. கடைசி இரண்டு இலக்கங்கள் இரண்டாம் சிலிண்டர். சென்சார் பழுது என்று இந்தக் குறியீடு எங்கேயும் சொல்லவில்லை.

குறியீட்டைவிடவும் எனக்கு உதவியது அதனோடு சேமிக்கப்பட்டிருந்த உறைநிலைப் பதிவு. கோளாறு நிகழ்ந்த கணத்தில் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர், இன்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 2,600, சுமை 85 சதவீதத்துக்கு மேல், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நன்றாகச் சூடேறிய நிலை. அதாவது, வண்டி மெதுவாகவும் இன்ஜின் முக்கிக்கொண்டும் இருந்த நேரம். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக்கில் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவை. அந்த மின்னழுத்தத்தைப் பிளக்குக்குத் தருவது காயில்; பலவீனமான காயில் அங்கேதான் தோற்கும். ஊருக்குள் ஏன் வரவில்லை என்பதற்கு விடை இந்தச் சில எண்களில் இருந்தது. குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். முதல் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் இழந்தது இதைத்தான்; அதை நினைத்தால் எனக்கு இன்னமும் வருத்தமாகவே இருக்கிறது. ஆகவே திரையைப் படம் எடுத்து வைத்த பிறகே அடுத்த வேலைக்குப் போனேன்.

காயிலா, பிளக்கா, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று பிரித்தறிய, காசில்லாத வழி ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் இருப்பதால், இன்ஜின் ஆறிய பிறகு, தெரிந்த மெக்கானிக் ஒருவரின் துணையோடு இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றினோம். ஒரு போல்ட்டைக் கழற்றி, வயர் செருகியின் பூட்டை விடுவித்து, நேராக மேலே இழுத்தால் காயில் வந்துவிடும். பின்பு குறியீட்டை அழித்து, ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டுச் சாலையில் சற்று நேரம் ஏற்றிப் பார்த்தோம். குலுக்கல் தெரிந்ததும் நிறுத்திப் படித்தபோது பி 0303 வந்தது. கோளாறு காயிலோடு இடம் மாறியதால், பிளக்கும் இன்ஜெக்டரும் சந்தேகத்திலிருந்து விடுபட்டன. கழற்றிய காயிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அதன் ரப்பர் உறையின் உட்புறத்தில் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் மெல்லிய கருப்புத் தடம் தெரிந்தது. பிளக்கின் முனைக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. பிளக்குகளின் இடைவெளி தேய்மானத்தால் கூடினால் காயிலின் சுமையும் கூடும் என்பதால், மாற்றும் காலம் நெருங்கியிருந்த நான்கு பிளக்குகளையும் சேர்த்தே மாற்றிவிட்டோம்.

புதிய காயிலைப் போட்ட பிறகு விளக்கைச் செயலி மூலம் அணைத்தேன். அழிக்காமல் விட்டாலும், கோளாறு இல்லாத மூன்று தொடர் ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு பொதுவாகத் தானே அணையும். ஆனால் இந்த வகைக் கோளாறுக்கு அந்த ஓட்டங்கள் முன்பிருந்ததைப் போன்ற சுழற்சியும் சுமையும் வெப்பமும் கொண்டவையாக இருக்க வேண்டும். சமதளத்தில் மட்டும் ஓட்டிவிட்டு, விளக்கு இல்லை, சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. எனவே ஸ்கேனரைச் செருகியபடியே ஏற்காடு வரை ஏறி, மேலே போய்ப் படித்துப் பார்த்தேன். இன்னும் உறுதியாகாத கோளாறுகளைக் காட்டும் நிலுவைக் குறியீடுகளின் பட்டியலும் காலியாகவே இருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பதிவுகளோடு, இன்ஜின் கற்றுவைத்திருக்கும் எரிபொருள் திருத்தங்களும் போய், சில நாள் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடுவது) ஒழுங்கற்றிருக்கும்.

வண்டிக்காரர் தாமே அணைக்க வேண்டிய விளக்குகளும் உண்டு. டயர் காற்றழுத்த விளக்கு அவற்றில் முக்கியமானது. தனி சென்சார் இல்லாமல், பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் உதவியோடு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வகை பல கார்களில் இருக்கிறது. அதில், டயர் ஆறியிருக்கும்போது, பொதுவாக ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நான்கிலும் காற்று நிரப்பிய பிறகுதான் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டும். காற்று நிரப்பாமல் அழுத்தினால், குறைந்த அழுத்தத்தையே சரியான அளவாக அது ஏற்றுக்கொள்ளும்.