படகுக்குள் ரசமட்டம்

கால்வாய்ப் படகுக்குள் தச்சு வேலை செய்யப் போகிறவர் ரசமட்டத்தைக் கரையிலேயே வைத்துவிட்டு ஏறலாம். உள்ளே அதற்குச் சோலி கிடையாது. தூக்குக்குண்டுக்கும் அப்படித்தான். காலையில் ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும். பத்து மணிக்கு இரண்டு பேர் ஒரே பக்கம் உட்கார்ந்து டீ குடித்தால் குமிழி ஓரத்துக்குப் போய்விடும். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தால் திரும்பி வரும். இந்த ஞானத்தை எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தவர் பக்கத்துப் படகில் குடியிருந்த வெள்ளைக்காரப் பெரியவர். என் மைத்துனன் கையிலிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வந்து எங்கள் படகின் விளிம்பில் ஒரு காலை வைத்து அழுத்தினார். குமிழி ஓடியது. "இப்போது எது மட்டம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மைத்துனன் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் பக்கம் வேலை பார்க்கிறான். வாடகை கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போய், நேரோபோட் என்கிற ஒடுக்கமான கால்வாய்ப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டான். வாங்கிய பிறகுதான் சொன்னான். இந்த ஊரில் படகிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், படகின் அளவுதான். நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். இதற்குக் காரணமானவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர். 1760களில் ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயைத் திட்டமிட்டபோது, படகை ஏற்றி இறக்கும் லாக் என்ற மதகுத் தொட்டி ஒவ்வொன்றும் 7 அடி அகலம் போதும் என்று முடிவு செய்துவிட்டார். குதிரை இழுக்க, நிலக்கரி ஏற்றிய படகு போவதற்கு அது தாராளம். இருநூற்றைம்பது வருஷம் கழித்து, பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒருவன் அதற்குள் டபுள் காட் போடப் பார்ப்பான் என்று அவர் எப்படி நினைத்திருப்பார்?

அந்த 6 அடி 10 அங்குலமும் வெளி அளவு. இரும்புத் தகட்டுக்கு உட்புறம் ரீப்பர் அடித்து, குளிர் தாங்க நுரை பீய்ச்சி, அதன்மேல் பலகை ஒட்டினால் கையில் மிஞ்சுவது சுமார் 6 அடி. அதில் நடைவழி, அடுப்படி, கட்டில், கக்கூஸ், பாய்லர், பேட்டரி எல்லாம் வர வேண்டும்.

"மாமாவுக்கு மர வேலை தெரியும்" என்று என் மனைவி அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆதாரம், எங்கள் வீட்டில் நான் செய்த செருப்பு ஸ்டாண்ட். அப்புறம் என்ன, சனி ஞாயிறெல்லாம் படகில்தான்.

பிரிப்பது சுலபம் என்று நினைத்திருந்தோம். பழைய பலகைகள் கையோடு வந்தன, அதெல்லாம் சரி. பின்னால் இருந்த தெர்மாகோல்தான் வேலை வைத்தது. தொட்டால் உதிரும், உதிர்ந்தால் பறக்கும், பறந்தால் தலைமுடியில் ஒட்டும். அதைவிட மோசம், அதனூடே ஓடிய ஒயர்கள். ஒயரின் பிளாஸ்டிக் மேலுறையை விறைக்காமல் வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளைத் தெர்மாகோல் மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். பல வருஷம் ஒட்டிக் கிடந்தால் தெர்மாகோல் கரைந்து பிசினாகும், ஒயர் விறைத்து வெடிக்கும். நாங்கள் உருவிய ஒயர்கள் கையில் பிசுபிசுவென்று இழுத்தன. பலாப்பழம் உரித்த கையோடு யாரிடமும் கை குலுக்க முடியாதே, அந்த நிலையில் மைத்துனன் ஆபீஸ் போனை எடுத்துப் பேசினான். போன் காதோடு நின்றது.

தரையைப் பெயர்த்தால் அடியில் செங்கல். வரிசை வரிசையாகச் செங்கல், நடுநடுவே நடைபாதைக் கல். முன்பு வீடு கட்டியவர் யாரோ மிச்சத்தைப் போட்டுவிட்டார் போல என்றான் மைத்துனன். இல்லை, அதுதான் படகின் பாரம். தட்டை அடியுள்ள படகு. அடியில் எடை இல்லாவிட்டால் மிதப்பாக நின்று ஆட்டம் போடும். கல்லை எடுத்து, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கல்லைத் திரும்ப அடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக எடுத்துக்கொண்டே வா என்று சொன்னேன். "ஒரு பக்கத்த முழுசா முடிச்சிட்டு அந்தப் பக்கம் போலாம் மாமா, அதுதான் நீட்டா இருக்கும்" என்றான். சாப்ட்வேர்க்காரனிடம் என்ன சொல்வது? வலப்பக்கத்துக் கல் முழுதும் கரைக்குப் போனது. படகு மெதுவாக இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தது. கெட்டில் வழுக்கியது, பெயின்ட் டப்பா அதைத் தொடர்ந்தது, ஜிக்சா மெஷின் கடைசியாக வந்தது. கரையில் நாயோடு நடந்து போன ஒரு அம்மாள் நின்று, "மூழ்குகிறீர்களா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். படகில் யார் என்ன செய்தாலும் நான்கு பேர் நிற்பார்கள். கேள்விகள் இரண்டுதான். குளிர்காலத்தில் குளிராதா? கக்கூஸ் எங்கே போகிறது? முதல் கேள்விக்கு மைத்துனன் பதில் சொல்வான். இரண்டாவதற்கு அவனுக்கே அப்போது பதில் தெரியாது.

இதற்கிடையே இன்னொரு சங்கடம். படகை நிரந்தரமாகக் கட்டிவைக்க அவனுக்கென்று துறை கிடையாது. துறை இல்லாத படகுக்கான லைசென்ஸில் ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள்தான் நிற்கலாம். அப்புறம் நகர வேண்டும். கரையில் செங்கல் அடுக்கியிருக்கிறது, உள்ளே தரை இல்லை, நாள் நெருங்கிவிட்டது. இரவு டார்ச் வைத்துக் கல்லை எல்லாம் திரும்ப ஏற்றினோம். காலையில் ஒரு மைல் போய்க் கட்டினோம், இறக்கினோம். கால்வாயில் வேகம் மணிக்கு 4 மைல்தான். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலையில் அவர்கள் வீட்டுச் சாமான் உருளும். வாத்துகள் எங்களை முந்திப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தன.

ப்ளைவுட் வந்த அன்று நடந்ததுதான் உச்சம். கால்வாய்ப் படகுக்குத் தெருப் பெயர் இல்லை. பாலங்களுக்குத்தான் எண். வேன் டிரைவரிடம் மைத்துனன், "78-ஆம் பாலத்துக்கும் 79-க்கும் நடுவில்" என்கிறான். அவர் வீட்டு எண் கேட்கிறார். வீட்டு எண் இல்லை, வீடு நீல நிறம் என்கிறான். அவர் போஸ்ட்கோடு கேட்கிறார். பக்கத்திலிருந்த பப்பின் போஸ்ட்கோடைக் கொடுத்தான். ப்ளைவுட் பப்பின் வாசலில் இறங்கியது. ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி, 18 மில்லி கனம், சுமார் முப்பது கிலோ இருக்கும். கால்வாய்க்கரை ஒற்றையடிப் பாதையில் ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு, எதிரே சைக்கிள் வந்தால் புதரில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தோம். கடைசி ஷீட்டைத் தூக்கும்போது காற்று அடித்தது. மைத்துனன் ஷீட்டை விடவில்லை, ஷீட்டும் அவனை விடவில்லை, இருவரும் சேர்ந்து திரும்பிப் பப்பைப் பார்த்து நின்றார்கள்.

இனிமேல்தான் தச்சு வேலை. படகின் பக்கச் சுவர் நேராக இல்லை. மேலே போகப் போக உள்ளே சாயும். விளிம்புக்குக் கீழே அடிப்பகுதி வேறு கணக்கு. மூலைமட்டத்தை எந்த மூலையில் வைத்தாலும் பொருந்தாது, ஏனென்றால் 90 டிகிரி மூலை என்று ஒன்று படகிலேயே இல்லை. பெரியவர் மறுபடி வந்தார். "படகைத் தவிர வேறு மட்டம் கிடையாது. தரையிலிருந்து அள, தரைக்கே பொருத்து" என்றார். அதன்பின் எல்லாவற்றுக்கும் அட்டையில் அச்சு எடுத்தோம். கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவைப் பிரித்துச் சுவரில் சாய்த்து, சுவரும் அட்டையும் ஒட்டாத இடத்தில் பென்சில் ஓட்டி, வெட்டி, மறுபடி சாய்த்து, மறுபடி வெட்டி, அட்டை அச்சாக உட்கார்ந்த பிறகுதான் ப்ளைவுட்டில் ரம்பம் வைப்பது. ஒரே ஒரு மேல் அலமாரியின் பக்கப் பலகைக்கு ஒரு மாதத்துக் காலை உணவு செலவானது. ஆனால் அந்தப் பலகை போய் உட்கார்ந்தபோது நடுவில் பேப்பர் நுழையவில்லை. அன்றைக்கு நாங்கள் இருவரும் அந்த அலமாரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை என் மனைவியிடம் சொல்லவில்லை.

கரன்ட் விஷயத்தில் படகு பேட்டரியின் 12 வோல்ட் ஒரு கஞ்சப் பேர்வழி. ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு மெல்லிய ஒயரில் அனுப்பினால் வழியிலேயே தீர்ந்துபோகும், ஃபிரிட்ஜ் முனகிவிட்டு நிற்கும். சுண்டுவிரல் தடிமனில் கேபிள் போட வேண்டியதாயிற்று. எஞ்சின் அதிர்வில் முறியாமல் இருக்க, ஒற்றைக் கம்பி ஒயர் இல்லாமல் பல இழை ஒயர்தான். குளிக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், காலடியில் விழுந்த தண்ணீரைப் பம்ப் போட்டு மேலேற்றி வெளியே தள்ள வேண்டும். கேஸ் வேலையை மட்டும் உரிமம் உள்ளவரிடம் விட்டோம். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் வெளியேறாமல் படகின் அடியில் போய்த் தேங்கும். அதில் செருப்பு ஸ்டாண்ட் அனுபவம் போதாது.

கக்கூஸ் விஷயத்தில் படகுக்காரர்கள் மூன்று கட்சி. தொட்டியில் சேர்த்து மெஷினால் உறிஞ்ச வைப்பவர்கள், உரமாக்குபவர்கள், கேசட் வைத்திருப்பவர்கள். ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்குத் தாவியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மைத்துனன் கேசட். சுமார் 20 லிட்டர் பிடிக்கிற பெட்டி. சக்கரமும் கைப்பிடியும் உண்டு. நிறைந்ததும் இழுத்துக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டி அலசி வர வேண்டும்.

அந்த நேரத்தில்தான் என் மாமியார் பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கினார். மகன் தண்ணீரில் குடியிருக்கிறான் என்ற செய்தியை அவர் அதுவரை நம்பவில்லை. ஏறும்போது படகு லேசாக அசைந்தது. "முருகா" என்று என் தோளைப் பிடித்தவர் பாத்ரூம் வரை விடவில்லை. மறுநாள் காலை மைத்துனன் கேசட்டை இழுத்துக்கொண்டு கிளம்ப, "ஏங்கண்ணு, பெட்டியெல்லாம் எடுத்துட்டு எங்க கெளம்பிட்ட? நான் வந்தது புடிக்கலியா?" என்று கண் கலங்கிவிட்டார். விளக்கிச் சொன்னதும் கலங்கிய கண் விரிந்தது. ஊருக்குப் போன் போட்டு யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார்.

வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. கோயம்புத்தூர் கிரைண்டர், டேபிள் டாப். புவிசார் குறியீடு வாங்கிய பொருள், அதை விட்டுவிட்டு வர முடியுமா? இன்வெர்ட்டர் முதலில் கொஞ்சம் யோசித்தது, பிறகு சம்மதித்தது. கால்வாய்க்கரையில் கல் சுற்றும் சத்தம் கேட்டுப் பெரியவர் ஓடி வந்தார், எஞ்சினில் ஏதோ கோளாறு என்று. மாவு புளிக்க விறகடுப்புப் பக்கம்தான் சூடான இடம் என்று அத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். கூடவே, கதவுக்குக் கீழே குளிர்காற்று வருகிற துளையையும் கண்டுபிடித்துப் பழைய துண்டை வைத்து அடைத்தார். அது வேண்டுமென்றே வைத்த துளை. உள்ளே அடுப்பு எரியும்போது காற்று வராவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கான அலாரமும் சுவரில் கட்டாயம். மைத்துனன் துண்டை உருவுவான், அத்தை செருகுவார். "மாப்பிள்ளை, நீங்களாச்சும் சொல்லுங்க, கதவச் சாத்திட்டு ஓட்டையத் தொறந்து வெச்சா என்னங்க அர்த்தம்?" கேள்வி நியாயமானதுதான். காரணத்தை நிதானமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து பெயின்ட் காய்ந்த பிறகு கரையில் நின்று பார்த்தோம். படகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. டேப் வைத்து அளந்தால் இரண்டு பக்க விளிம்புக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம். அடுப்படி, விறகடுப்பு, அதன் கல் பீடம், ஃபிரிட்ஜ் எல்லாம் இடப்பக்கம். தரையைத் திரும்பப் பெயர்ப்பதா? அந்தப் பேச்சை எடுத்தால் நான் அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன் என்றேன். மிஞ்சியிருந்த செங்கலை வலப்பக்கக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். ஒன்றேகால் அங்குலம் குறைந்தது. டூல்ஸ் பெட்டியை மாற்றினோம். இன்னும் அரை அங்குலம் பாக்கி.

அத்தை ஒன்றும் பேசாமல் கடைக்குப் போகலாம் என்றார். தமிழ்க் கடையில் இட்லி அரிசி, பொன்னி, துவரம்பருப்பு, உளுந்து என்று மூட்டை மூட்டையாக வாங்கிக் கார் டிக்கியை நிரப்பினார். அத்தனையும் வலப்பக்கக் கட்டிலின் கீழே போனது. மைத்துனன் கரையில் குனிந்து டேப் பிடித்தான்.

"சமம் மாமா!"

அத்தை கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "இதபாரு கண்ணு, அரிசி பாதியானவுடனே வாங்கிப் போட்டுரு. தீர்ற வரைக்கும் உக்காந்திருந்தீன்னா குடும்பமே சாஞ்சுரும்."

அவர் ஊருக்குப் போய்விட்டார். மைத்துனன் தனி ஆள். வாரத்துக்கு ஒரு கிலோ அரிசி சமைத்தால் அதிகம். ஆனாலும் மாதம் பிறந்தால் இருபது கிலோ மூட்டை ஒன்று வந்துவிடுகிறது. மிச்சத்தை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பக்கத்துப் படகுப் பெரியவரும் கொஞ்சம் சாய்வாகத்தான் இருந்தாராம்.