தோட்டத்துப் பிள்ளைகளின் உயரத்தை அளக்க ஓர் ஆய்வு நல்கை

அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கென்று வெளிநாட்டு அறக்கட்டளையொன்று மனித உடலின் வளர்ச்சியையும் வேறுபாடுகளையும் ஆராயும் உயிரியல் மானிடவியலில் ஓராண்டு ஆய்வு நல்கை வழங்குகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்த நான் அதற்கு விண்ணப்பித்துத் தெரிவானேன். மலையகத்திலிருந்து இத்துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு உதவும் என்பதால், அந்த வழியில் எது முடிவைத் தீர்மானித்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

ஆவணங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டமளிப்பு விழா நடக்கும்வரை சான்றிதழ் கைக்கு வராது என்றாலும், பட்டம் செல்லுபடியாகும் திகதியைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகம் தந்த கடிதமும் பெறுபேற்றுப் பட்டியலும் ஏற்கப்பட்டன. பரிந்துரைக் கடிதம் எழுதவிருந்த விரிவுரையாளர்களிடம் முன்மொழிவின் வரைவை முன்கூட்டியே கொடுத்திருந்தேன்; ஆகவே அவர்களுடைய கடிதங்கள் பொதுவான புகழுரையாக நின்றுவிடாமல், இந்த ஆய்வைச் செய்து முடிக்க என்னால் இயலுமா என்பதைப் பேசின.

கடினமானது முன்மொழிவுதான். இலங்கையில் இத்துறையின் பெயரைச் சொன்னதும் வரலாற்றுக்கு முந்தைய பலாங்கொடை மனிதனும், குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென, கித்துல்கல பெலிலென போன்ற குகைகளும் நினைவுக்கு வரும். எனக்கும் அந்த எலும்புகளின்மேல் ஈர்ப்பு உண்டு. ஆனால் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்திலேயே விடை வேண்டி நிற்கும் கேள்வி ஒன்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையிலோ அது சுமார் 32 சதவீதம். இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "தோட்டத்து ஆட்கள் பிறவியிலேயே குட்டைதானே" என்று படித்தவர்களே சொல்லிவிட்டு நகர்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலை ஏற்க முடியாது என்பதற்கு இத்துறையிலேயே வலுவான ஆதாரங்கள் உள்ளன. அமெரிக்காவில் குடியேறியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அளந்த மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ், மாறாதவை என்று கருதப்பட்ட உடல் அளவுகள்கூடப் புதிய சூழலில் மாறுகின்றன என்பதை 1912இல் வெளியான தம் ஆய்வில் காட்டினார். 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடத்திய ஆய்விலும், நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்த சிறு பிள்ளைகள் எந்த நாட்டவராயினும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்தார்கள். அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளின் உயரம் எந்த வயதில், எதனால் பின்தங்குகிறது என்பதே என் முன்மொழிவின் மையக் கேள்வியாயிற்று.

நேர்முகத் தேர்வு இணையவழியில் நடந்தது. சத்துணவுக் கணக்கெடுப்பிலிருந்து இது எவ்வகையில் வேறுபடுகிறது என்று கேட்டார்கள். முழு உயரத்தோடு அமர்நிலை உயரத்தையும் எடுக்கப்போவதாகச் சொன்னேன். பிள்ளைப் பருவத்தில் உடற்பகுதியைவிடக் கால்களே வேகமாக வளர்வதால், அந்தக் காலத்துப் பற்றாக்குறை காலின் நீளத்தில்தான் கூடுதலாகத் தெரியும். இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைய நிலையோடு கடந்துபோன ஆண்டுகளையும் ஓரளவு வாசிக்கலாம். அளவுப் பிழையைப் பற்றியும் விரிவாகக் கேட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் தரை சமமாக இராது; உயரமானியைச் சாய்வான தரையில் வைத்தால் 0.1 சென்ரிமீற்றர் நுணுக்கத்துக்குப் பொருளே இல்லை. ஆகவே ஒட்டுப்பலகையும் ரசமட்டமும் என் செலவுத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தன. சிறிய செலவுதான், ஆனால் தேர்வாளர் ஒருவர் அந்த வரியைத்தான் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

எனினும் முடிவைத் தீர்மானித்தது ஒப்புதல் பற்றிய பகுதி என்றே நம்புகிறேன். உடலை அளக்கும் இந்தத் துறைக்கு இலங்கையில் நல்ல வரலாறு மட்டும் இல்லை. 1880களில் இங்கு வந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற சுவிஸ் ஆய்வாளர்கள், உறவினர்களான இருவரும், இந்நாட்டின் ஆதிக்குடிகளான வேடர்களின் எலும்புக்கூடுகளைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கொண்டுபோனார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட ஒருத்தி, தோட்டத்து மேலாளரான துரையின் அனுமதிக் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தக் கூடாது. துரை சரி என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஒரு வார்த்தை சொல்லப்படும், பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆனால் வேலை தருபவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வருவது ஒப்புதல் ஆகாது. எனவே நிர்வாகத்திடம் தோட்டத்துக்குள் வருவதற்கான அனுமதியை மட்டும் கேட்பது, தாய்மாரிடம் மாலையில் லயத்திலேயே தனித்தனியாகப் பேசுவது, மறுத்தவர்களின் பெயரை எவரிடமும் கொடுக்காமல் இருப்பது என்று திட்டத்தை அமைத்தேன். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பதால் வேலை நேரத்தில் எந்தத் தாயையும் அழைப்பதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் அளப்பது என்றும் எழுதினேன்.

வரைவு எழுதும் காலத்தில் பக்கத்து லயத்துச் சித்தி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "புள்ளைய நிறுத்து எழுதிக்கிட்டுப் போனவங்க நெறையப் பேரு தங்கச்சி. அதுல என்னா இருந்திச்சின்னு திரும்பி வந்து சொன்னவங்கதான் யாரும் இல்ல" என்றார். அன்றிரவே முன்மொழிவில் ஒரு பிரிவைச் சேர்த்தேன்: ஒவ்வொரு பிள்ளையின் அளவும், அது எதைக் காட்டுகிறது என்ற விளக்கமும் அன்றே தாயின் கையில் தமிழில் எழுதிக் கொடுக்கப்படும்.

தெரிவான பின்னும் அறநெறிக் குழுவின் அங்கீகாரம் இல்லாமல் களத்துக்குப் போக முடியாது. அதற்குப் பல மாதங்கள் எடுக்கலாம் என்பதால், நல்கையின் முடிவுக்குக் காத்திராமல் முன்னரே அங்கு விண்ணப்பிப்பது நல்லது. குழு ஒரு நிபந்தனை விதித்தது. வயதுக்கேற்ற உயரத்தில் மிகக் கீழே இருக்கும் பிள்ளைகளை அளந்து குறித்துக்கொண்டால் மட்டும் போதாது, உரிய சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. அது நியாயமான நிபந்தனை. அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரோடும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும் பேசி, அனுப்பீட்டுப் படிவத்தைத் தயாரித்துக் குழுவிடம் ஒப்படைத்த பிறகே அங்கீகாரம் கிடைத்தது. நல்கையின் முதல் தவணையும் அதன் பின்னரே வந்தது.