தாய்லாந்தின் 'தாய்' மொழி பேசிப் பழகப் பண்ணைக்குப் போகிறவர்களுக்கு

தாய்லாந்துப் பண்ணையில் போய்த் தங்கினால் பேச்சு தானாக வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் நிறைந்த பண்ணையில் வேலை சொல்வதும் ஆங்கிலம், சாப்பாட்டு நேரப் பேச்சும் ஆங்கிலம். ஒரு மாதம் களை பறித்துவிட்டு வெறும் வணக்கத்தோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் இடம் கேட்டு எழுதும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரே சமயத்தில் எத்தனை வெளிநாட்டவர் தங்குவார்கள்? காலை வேலையை யாரோடு செய்ய வேண்டும்? இரண்டாவதற்கு "எங்கள் அம்மாவோடு" என்று பதில் வந்தால் யோசிக்காமல் போகலாம்.

எந்த வட்டாரம் என்பதும் முக்கியம். வடக்கே சியாங் மாய் பக்கம் வீட்டுப் பேச்சு கம் முவாங் என்ற வட்டார மொழி. வடகிழக்கில் லாவோ மொழிக்கு நெருக்கமான ஈசான். உங்களிடம் பாங்காக்கின் பொதுத் தாயில் பேசுவார்கள், தங்களுக்குள் பேசுவது பிடிபடாது. பாடப்புத்தகத்தில் 20 என்றால் 'யீ ஸிப்'; அங்கே 'ஸாவ்'. பொதுத் தாய் வேண்டுமென்றால் ராட்சபுரி, நாகோன் பாதோம் போன்ற மத்திய மாகாணங்களின் தோப்புகளே மேல். வடக்கே போவதாக இருந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேண்டாம். வயலும் காடும் எரியும் புகையில் மூச்சு முட்டும். மானாவாரி நெல்லுக்கு நடவு பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அறுப்பு நவம்பர், டிசம்பர். பேச்சுக்கு அறுப்புக் காலமே உகந்தது: ஆட்கள் கூடுவார்கள், வாயும் ஓயாது.

இனி உச்சரிப்பு. ஆங்கிலேயருக்கு எழுதிய பாடநூல்கள் நமக்குப் பாதிதான் பொருந்தும். குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பழக்கம். 'அது', 'காடு' என்று சொல்லும்போது கடைசியில் இதழ் குவியாமல் வரும் உகரம் தாய்லாந்து மொழியில் தனி உயிரொலி; ஆங்கிலேயர் அதற்குத்தான் திண்டாடுவார்கள். நம் சிக்கல் மூச்சொலி. கோழி 'கை', முட்டை 'க்ஹை'. இரண்டுக்கும் ஒரே தாழ்ந்த தொனி (குரலின் ஏற்ற இறக்கம்). 'க'வோடு மூச்சு வெளிவருகிறதா என்பது மட்டுமே வித்தியாசம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள்: முட்டைக்குக் காற்று பட வேண்டும், கோழிக்குப் படக்கூடாது. முட்டை பொறுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் இது ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

அடுத்தது, மெய்யில் முடியும் சொல்லோடு உகரம் ஒட்டும் நம் பழக்கம். ஆண்கள் மரியாதைக்காக வாக்கிய முடிவில் சேர்க்கும் 'க்ஹ்ராப்' என்பதை 'க்ராப்பு' என்று நீட்டக் கூடாது. உதட்டை மூடி அப்படியே நிறுத்த வேண்டும். ஙகரம் சொல் முதலிலும் வரும்: வேலை 'ஙான்', பாம்பு 'ஙூ'. 'மங்கை'யிலிருந்து 'ம'வை நீக்கி, ககரமும் ஒலிக்காமல் 'ஙை' என்று தொடங்கிப் பாருங்கள், வந்துவிடும்.

தொனி ஐந்து. பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிடச் சொல்லோடு சேர்த்துப் பழகுவதே நிற்கும். அண்ணன், அக்காவை விழும் தொனியில் 'ப்ஹீ' என்பார்கள் (தமிழ்க் காதுக்குச் சங்கடம்தான், பழகிக்கொள்ளுங்கள்). அதையே ஏறும் தொனியில் சொன்னால் பேய். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் உறவு சொல்லிக் கூப்பிடும் ஊர் அது: அப்பா அம்மாவைவிட மூத்த ஆண் 'லுங்', பெண் 'பா', உங்களைவிட இளையவர் 'நோங்'.

வாக்கியத்தில் முதலில் பிடிக்க வேண்டியது 'ரூ யாங்'. நம் 'ஆச்சா'வேதான். 'கின் க்ஹாவ் ரூ யாங்' சாப்பிட்டாச்சா, 'ஸெட் ரூ யாங்' முடிஞ்சாச்சா, 'ப்ஹோ ரூ யாங்' போதுமா. ஆச்சு என்றால் 'லேவ்', இன்னும் இல்லை என்றால் 'யாங்'. நாளெல்லாம் இந்தக் கேள்வி காதில் விழும். கூடவே 'அன் நீ ரியாக் வா அராய்', இதற்கு என்ன பெயர் என்ற கேள்வி. கையில் மண்வெட்டியோ அரிவாளோ இருக்கும்போதே கேளுங்கள். அனுமதி வாங்கிப் பதிலைக் கைபேசியில் பதிந்து, சாயங்காலம் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

நேரம் சொல்வதில் ஏமாறாத ஆள் குறைவு. மாலை 7 மணி 'நுங் த்ஹும்', அதாவது ஒன்று. 9 மணி 'ஸாம் த்ஹும்', மூன்று. பிற்பகல் 3 மணியும் மூன்றுதான், ஆனால் 'பாய் ஸாம்'. விடியற்காலை 5 'தீ ஹா'. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் வண்டியைத் தவறவிடுவீர்கள். கூட வரும் சொல்லைக் கவனியுங்கள். சந்தையில் 'க்ஹீட்' என்றால் 100 கிராம். நிலம் 'ராய்' கணக்கு: 1,600 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை ராய் ஓர் ஏக்கர்.

சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், காலில் கீறல் இருந்தால் கண்டிப்பாக; மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வயல் தண்ணீரிலும் தொற்றும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கேட்க விரும்பாத விஷயம் ஒன்று. சம்பளம் இல்லாத தன்னார்வ வேலைக்கும் அங்கே உரிய விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தலும் உண்டு. இடம் கொடுத்தவருக்கும் தண்டனை. பண்ணையில் "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்; அதைச் செய்கிறாரா என்று முன்பே கேளுங்கள். அனுமதிக்கு வழியில்லை என்றால், கட்டணம் கொடுத்துத் தங்கும் கிராமத்து ஹோம்ஸ்டே பாருங்கள். வேலைக் கடமை இருக்காது. வீட்டுப் பாட்டியோடு அடுப்படியில் உட்கார்ந்து பேச நேரமும் கூடும்.