ஒரு ராகிச் செடியும் பத்துத் துறைகளும்

"எங்க வீட்டுப் பொண்ணு பி.எஸ்ஸி. அக்ரி, அதான் வேளாண்மைப் பட்டப்படிப்பு, சேரணும்கிறா. நாலு வருஷம் அங்கே என்னதான் சொல்லித் தருவாங்க?" என்று போன சங்கக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். சங்க மலரில் எழுதுகிறேன் என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன்.

நான் படித்தது பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில். முதலில் ஒன்று. விவசாயம் செய்யக் கற்றுத்தருவார்கள் என்று நம்பிப் போனால் முதல் செமஸ்டரிலேயே ஏமாற்றம்தான். ஒரே பயிரைப் பத்துத் துறைகள் பங்கு போட்டுக்கொள்ளும். விதைப்பும் களையெடுப்பும் உழவியலுக்கு. வேர் நிற்கும் மண் மண்ணியலுக்கு. பயிரைத் தின்பவை பூச்சியியலுக்கு, அழுக வைப்பவை நோயியலுக்கு. தாய் தகப்பன் யார் என்பது மரபியலுக்கு, காசு பொருளியலுக்கு. இது போக நுண்ணுயிரியல், விதை நுட்பம், பண்ணைக் கருவிகள், தோட்டக்கலை, கால்நடை, நம் ஊர் கர்நாடகம் என்பதால் பட்டுப்புழுவும். இத்தனை துண்டுகளையும் சேர்த்து மறுபடி ஒரு செடியாகப் பார்ப்பது மாணவன் பாடு. அதற்குப் பாட வேளை கிடையாது.

பெங்களூரு நகரத்து அல்சூரில் பிறந்த எனக்கு ராகி என்றால் மாவு. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களோ கோலார், சிந்தாமணிப் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகள். அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒரு செய்முறைத் தேர்வும் நடக்கும். விதைகளையும் உரங்களையும் கருவிகளையும் காட்டிப் பெயர் கேட்பார்கள். நான் அந்தத் தேர்வுக்குப் போயிருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பல்கலைக்கழகத்தின் வரலாறு பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1899-ல் மைசூர் மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி சோதனைப் பண்ணைக்கு என்று ஹெப்பாளில் 30 ஏக்கர் கொடுத்தார். லேமன் என்ற விஞ்ஞானி அங்கே வேலையைத் தொடங்கினார். அடுத்து வந்தவர் கனடாக்காரரான லெஸ்லி கோல்மன். 1946-ல் கல்லூரி, 1964-ல் பல்கலைக்கழகம். நான் படித்த ஜி.கே.வி.கே. என்ற வளாகம் அதற்கும் பிறகு வந்தது.

கோல்மன் பெயரை நோயியல் பிராக்டிகலில்தான் முதலில் கேட்டேன். மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் மழைக்காலத்தில் குலை குலையாகக் காய் அழுகி உதிரும், 'கொளெரோகா' என்பார்கள். மழைக்கு முன்பே குலைகளில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியை அடித்தால் காய் தப்பும் என்று அவர் விவசாயிகளுக்குச் செய்து காட்டினார். அந்தக் கலவையை நாங்களும் தயாரித்தோம். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும், உலோகப் பாத்திரம் கூடாது. கலந்ததும் ஓர் இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுப்போம். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள், சேர்க்காமல் அடித்தால் இலை கருகும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் ஒரு கத்தி வேதியியல் பேசுகிறதே என்று வியந்து நின்றேன்.

பூச்சியியலுக்காகப் பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்தி அடுக்கும் பூச்சிப் பெட்டியை அங்கே படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு வலை, பிடித்த பூச்சியைக் கொல்ல, அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிய கில்லிங் பாட்டில். பிடிப்பது பெரிய விஷயமில்லை, ஹாஸ்டல் விளக்கடியில் நின்றாலே பாதிப் பெட்டி நிறையும். ஊசி குத்துவதில்தான் மார்க். வண்டு என்றால் வலது முன்சிறகில் குத்த வேண்டும். நாவாய்ப்பூச்சிக்கு முதுகின் முக்கோணத் தகட்டில், வண்ணத்துப்பூச்சிக்கு மார்பின் நடுவில். சும்மா சடங்கு என்று நினைத்தோம். வண்டை நடுக்கோட்டில் குத்தினால் அங்கிருக்கும் அடையாளம் கெட்டுப்போகும். ஓரமாகக் குத்தினால் ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் முழுதாக நிற்கும் என்று வைவாவின்போதுதான் (வாய்மொழித் தேர்வு) புரிந்தது. ஆனால் பூச்சிகளின் வகைப்பாட்டு வரிசைப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லி வதைத்தார்கள் பாருங்கள், அது வீண் வேலை என்றுதான் இன்றும் சொல்வேன்.

சரி, ராகிக்கு வருவோம். ராகிப் பூ மிகச் சின்னது. விடியுமுன்பே திறந்து, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு வேலையை முடித்துவிடும். இதில் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்துக் கலப்பினம் செய்வது மனிதக் கையால் ஆகிற காரியமா? அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பச்சைத் தண்டுள்ள செடியின் கதிரையும் ஊதாத் தண்டுள்ள செடியின் கதிரையும் ஒன்றாகக் கட்டிக் காகிதப் பை மாட்டிவிடுவார்கள். பச்சைச் செடியின் விதையை எடுத்து முளைக்கவிட்டால் பெரும்பாலும் பச்சைதான் வரும். நடுவே எங்காவது ஒன்று ஊதாவாக எட்டிப் பார்த்தால் அதுதான் கலப்பு. ஊதா ஓங்கிய குணம், தாய் தகப்பனில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்து அந்த ஒற்றை ஊதாவைத் தேடியபோது மெண்டலின் மரபு விதி புரிந்த அளவுக்குக் கரும்பலகையில் புரியவில்லை. மண்டியாவில் ராகி ஆராய்ச்சியாளர் லட்சுமணய்யா நம் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து இண்டாஃப் ரகங்களைக் கொடுத்தவர். அவரை ஏன் 'ராகி பிரம்மா' என்று கொண்டாடுகிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது.

கடைசி வருஷம் கிராமத்தில் தங்கல். எனக்குப் பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் ஓர் ஊர் கிடைத்தது. நான் போய் வந்துகொண்டிருந்த வீட்டு அக்கா தமிழ்நாட்டுத் தளிப் பக்கத்தில் பிறந்தவர், தமிழ் பேசுவார். பொருளியல் துறை கொடுத்த அட்டவணையோடு அவர் முன் உட்கார்ந்தேன். விதை, உரம், உழவு, கூலி என்று கையிலிருந்து போன காசு ஒரு கணக்கு. சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி சேர்த்தால் அடுத்த கணக்கு. வீட்டாள் உழைப்புக்கும் கூலி போட்டால் கடைசிக் கணக்கு. முதல் கணக்கில் கொஞ்சம் லாபம் தெரிந்தது. கடைசிக் கணக்கில் சுத்த நஷ்டம்.

"நான் களை எடுத்ததுக்கும் கூலி எழுதிட்டியா? அதை யாரு குடுப்பாங்க தம்பி?" என்று சிரித்தார் அக்கா.

"யாரும் குடுக்க மாட்டாங்கக்கா. ஆனா செலவு செலவுதானே."

"அப்போ தாளை எவ்வளவுன்னு எழுதின?"

ராகித் தாளுக்கு, அதாவது கதிர் போக மிஞ்சும் தட்டைக்கு, அட்டவணையில் ஒரு கட்டம் இருந்தது. சந்தை விலையைப் போட்டிருந்தேன். "நான் என்னிக்கு அதை வித்தேன்? அது மாட்டுக்கு. மாடு பாலுக்கு. பால் காசுலதான் இந்த வீடு ஓடுது. தானியம் கொறஞ்சா ரேஷன் அரிசி இருக்கு, தாள் கொறஞ்சா எங்கே போவேன்?" என்றார்.

மரபியல் வகுப்பில் விளைச்சல் என்றால் தானியம். உழவியலில் தாள் ஒரு துணை வரி. கால்நடைப் பாடத்தில் அதே தாள் உலர்தீவனம். பொருளியலில் ஒரு கட்டம். அந்த அக்காவுக்கு இதெல்லாம் ஒரே செடி. குட்டையான, சாயாத ரகத்தை நாங்கள் சிபாரிசு செய்யும்போதெல்லாம் ஊரில் ஏன் முகம் சுளித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தத் துறையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் கேட்ட அக்காவுக்கு என் பதில் இதுதான்: பெண்ணைச் சேருங்கள். வங்கி, விதைக் கம்பெனி, அரசு வேலை, மேற்படிப்பு என்று வழிகள் பல. நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வந்து நின்றேன். எந்தக் கல்லூரியானாலும், மாணவருக்குச் சொந்தமாகப் பாத்தி ஒதுக்கி விதைப்பு முதல் அறுப்பு வரை செய்யவிடுகிறார்களா, கிராமத் தங்கலை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். கட்டடம் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள்.

பெங்களூருக்குப் போவதானால் நவம்பரில் போங்கள். ஜி.கே.வி.கே.யில் கிருஷி மேளா என்ற வேளாண் திருவிழா நடக்கும், பெண்ணையும் அழைத்துப் போகலாம். ராகி ரகங்களைப் பக்கம் பக்கமாக நட்டு வைத்திருப்பார்கள். கதிரைப் பார்த்து முடித்ததும் தாளின் உயரத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். கூட்டம் அலைமோதும், கார் வேண்டாம், மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸே வசதி.