ஒரே கோல், அதுவும் கார்னரில்

கிருஷ்ணகிரியில் நேற்று தம்பியோட கல்லூரி கால்பந்து அணிக்கு சீசனின் முதல் மேட்ச். 1-0. ஜெயித்தார்கள்தான், ஆனால் நடுக்களத்தில் ஒரு பாஸ்கூட ஒழுங்காகச் சேரவில்லை.

கோல் வந்த விதம்தான் கூத்து. டிராவே போதும் என்று எதிரணி கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்து நின்றார். நடுவர் கையைத் தூக்கிக் கடைசி 5 நொடியை விரல்விட்டு எண்ணி, கார்னரை, அதாவது மைதானத்து மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பை, எங்களுக்குக் காட்டிவிட்டார். 2025-இல் வந்த விதி: கீப்பர் 8 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். முன்பு 6 நொடி, யாரும் கண்டுகொண்டதில்லை. அந்த கார்னரில் நடுவில் தடுத்தாடும் நம்ம ஸ்டாப்பர், நெற்றியெல்லாம் செம்மண், எம்பி ஒரே முட்டு!

"இதுக்கெல்லாமா கார்னரு?" என்று பக்கத்திலிருந்த அண்ணன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தது தர்மபுரியில். அதுக்குள்ள இடது பக்கம் தடுக்கிற அந்த லெஃப்ட் பேக்கை மாத்துங்கப்பா.